இருபத்தேழாம் மனையின் மடை

கீழத்தெரு, தஞ்சாவூர்
14.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

செம்மொழி எழுதுறேன். நானும் அம்மாவும் இங்க நல்லாத்தான் இருக்கோம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் வெயில்னு பாக்காம மழைன்னு பாக்காம கூடவே இருக்கு. உங்க முதுகு எப்படி இருக்கு? ஒத்தடம் கொடுக்கிறீங்களா, இல்ல பல்லைக் கடிச்சுக்கிட்டு வேலைக்குப் போறீங்களா?

போன் இருக்கும்போது இது என்ன லெட்டர்னு நினைப்பீங்க. போன ஞாயித்துக்கிழமை நான் வாயைத் திறந்ததுமே கத்தினீங்க. அப்புறம் என் நம்பரையே பிளாக் பண்ணிட்டீங்க. அம்மா போன்ல பேசினா நான் பக்கத்துல நிக்கக் கூடாதுன்னு சட்டம் வேற போட்டிருக்கீங்க. லெட்டரை பிளாக் பண்ண முடியாது. வேணும்னா கிழிச்சுப் போடுங்க, ஆனா படிச்சுட்டுத்தான் கிழிப்பீங்கன்னு எனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வரேன். செந்நெல் நகர்ல போன ஐப்பசியில முழங்கால் தண்ணி நின்னுச்சு. வயலா இருந்தப்ப வரப்புக்கு வரப்பு தண்ணி தங்கி மெதுவா வடிஞ்ச இடம் அது. இப்ப வீட்டுக்கு வீடு சிமெண்ட் தரை, தெருவுக்குத் தெரு தார். பெய்யிற மழை எங்கதான் போகும்? நகர் நலச் சங்கத்துச் செயலாளர், அதான் பேங்க் மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆன குஞ்சிதபாதம், ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காரு. நகர் முழுக்கக் கான்கிரீட் வடிகால் கட்டி, கடைசியில நம்ம கீழத்தெருவுல கொண்டாந்து விட்டுடறதாம். அதுக்கப்புறம் தண்ணி எங்க போகும்னு கேட்டேன். "அது அடுத்த கட்டம்மா"ன்னாரு. போன வருஷமே அம்மா படுக்கிற இடம் வரைக்கும் ஈரம் ஏறுச்சு. இந்த வடிகாலும் வந்துட்டா அம்மா கட்டில்ல உக்காந்தபடியே கால் கழுவிக்கலாம்.

அதனாலதான் உங்க மனையைக் கேட்டேன். இருபத்தேழாம் நம்பர், அந்த நகர்லயே பள்ளமான மூலை. மூணடி தோண்டி, செடி நட்டு, தெருத்தண்ணிய உள்ள இறக்கிவிட்டா மண்ணு குடிச்சுடும். நீங்க சிங்கப்பூர்ல பதினாறு வருஷமா பராமரிக்கிறது இதைத்தானே? மழைத்தோட்டம் மழைத்தோட்டம்னு போட்டோ போட்டோவா அனுப்பினது நீங்கதானே? கணக்கு டீச்சர் சும்மா இருப்பேனா, போட்டுப் பாத்துட்டேன். ஒரு தடவைக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர் பிடிக்கும். ஒரே ஒரு மழைக்காலம்தான் கேக்கிறேன்.

சரின்னு ஒரு வார்த்தை எழுதுங்க. ராத்திரி சோத்தைத் தவிர்க்காதீங்க.

உங்கள் தங்கை
செம்மொழி


சிங்கப்பூர்
4.8.2024

பாப்பாவுக்கு,

முதுகு இருக்கு, வேலையும் இருக்கு. அம்மா காலுக்குத் தைலம் வாங்கி வச்சிருக்கேன். என்கூட வேலை பாக்கிற அரவிந்தன் தீபாவளிக்கு ஊருக்கு வரான், கொடுத்து விடுறேன்.

மனை விஷயம் முடியாது.

ஏன்னு கேப்பே. அந்த நகர் முன்னாடி என்னவா இருந்துச்சு? பண்ணை நிலம். அப்பா அந்த மண்ணுல குனிஞ்சவரு குனிஞ்சபடியே போய்ச் சேந்தாரு. அம்மா நட்டது, களை பறிச்சது, அறுத்தது எல்லாம் அங்கதான். ஒரு சாண் நிலம் நம்ம பேர்ல இருந்துச்சா? பத்திரம் எழுதின அன்னைக்குப் பண்ணை வீட்டுச் சொந்தக்காரர் ஒருத்தர் "நீ வீரையன் மகன்தானே"ன்னு கேட்டுட்டு என்னை ஏற இறங்கப் பாத்தாரு. நான் பதில் சொல்லலை. அங்க ஒரு மாடிவீடு கட்டி, அதுல நம்ம அம்மாவை உக்கார வச்சா அதான் பதில். அதுக்காகத்தான் பதினாறு வருஷமா இங்க வெயில்ல நிக்கிறேன்.

இப்ப அவங்க வீட்டுத் தண்ணி வடியிறதுக்கு நம்ம மனை குழியாகணுமா? நூத்துப் பத்து மனை இருக்கு அந்த நகர்ல. வீரையன் மகன் மனைதான் உன் கண்ணுக்குப் பட்டுதா? நகருக்கு நடுவுல பூங்கான்னு ஒரு இடம் விட்டிருக்காங்களே, அதைத் தோண்டச் சொல்லு. நீ டீச்சர்தானே, போய்ப் பாடம் நடத்து.

அம்மாவை அலைய விடாதே. நீயும் உடம்பைப் பாத்துக்கோ.

புகழேந்தி


கீழத்தெரு
1.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா சௌக்கியம். எனக்கு மூணு நாளா ஜலதோஷம், இப்ப பரவாயில்ல. அங்க மழையா, வெயிலா? உங்க லெட்டரை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு எழுந்து போய்த் துணி துவைக்க ஆரம்பிச்சுடுச்சு.

நீங்க சொன்னபடி பாடம் நடத்தப் போனேன். பூங்கா இடத்துல இப்ப பதினோரு கார் நிக்குது. தண்ணி அதைத் தாண்டித்தான் நம்ம மூலைக்கு ஓடி வருது, அங்கயே பள்ளம் எடுத்துடலாமேன்னு கேட்டேன். குஞ்சிதபாதம் சிரிச்சாரு. நகரோட லட்சணமே கெட்டுடுமாம். பக்கத்துல இருந்தவரு, "டீச்சர், நீங்க இந்த நகர்லயே குடியில்லையே"ன்னு கேட்டாரு. மனை இருக்குன்னேன். "மனைதானே இருக்கு"ன்னாரு. வடிகால் வேலை தை மாசம் ஆரம்பிக்குதாம்.

சரி, அது கிடக்கட்டும். உங்க வேலையைப் பத்தி எழுதி ரொம்ப நாளாச்சு. அங்க பள்ளம் எத்தனை அடி எடுப்பீங்க? அடியில என்ன போடுவீங்க? எந்தச் செடி தண்ணியிலயும் சாகாம மண்ணு காய்ஞ்சாலும் சாகாம நிக்கும்? தெருவோரத்துல மடை எவ்வளவு அகலம் வைக்கணும்? வகுப்புல பிள்ளைங்களுக்குச் சொல்லத்தான் கேக்கிறேன், வேற ஒண்ணும் இல்ல.

கொஞ்சம் சீக்கிரம் பதில் போடுங்க. புரட்டாசி முடியிறதுக்குள்ள வந்தா நல்லது.

செம்மொழி


சிங்கப்பூர்
22.9.2024

பாப்பாவுக்கு,

ஜலதோஷத்துக்குச் சுக்குத்தண்ணி குடி, மாத்திரையா முழுங்காதே. இங்க தினம் சாயங்காலம் மழை. என் முதுகு இப்ப தேவலாம்.

என் வேலையைப் பத்தி நம்ம வீட்டுல யாரும் இப்படி விவரமாக் கேட்டதில்ல. "செடிக்குத் தண்ணி ஊத்துறான்"னு அம்மாவே தெருவுல சொல்லிட்டு இருக்கும். நான் ஊத்துறதில்ல, குடிக்க வைக்கிறேன். பதினாலு மாடிக் கட்டடத்தோட கூரைத்தண்ணி, கார் நிறுத்துற இடத்துத் தண்ணி எல்லாம் எங்க பள்ளத்துக்குத்தான் வரும். மேல ஒண்ணரை அடிக்கு மணல் கலந்த பொலபொலன்னு ஒரு மண்ணு. அதுக்குக் கீழ மணல். அதுக்கும் கீழ ஜல்லி. தண்ணி உள்ள வர்ற மடை ரெண்டடியாவது இருக்கணும், மடை வாயில கல்லு பரப்பணும், இல்லன்னா மண்ணை அரிச்சுட்டு வந்துடும். நம்ம ஊருன்னா வெட்டிவேர், கோரை, கல்வாழை போதும். வேர் கீழ போகப் போக மண்ணுக்கு வாய் திறந்துவிடும். எவ்வளவு பெரிய மழையானாலும் நாலு மணி நேரத்துல தரை தெரியணும். தெரியலைன்னா சூப்பர்வைசர் வந்து நிப்பாரு. அதையும் தாண்டிக் கொசு வந்துச்சுன்னா அபராதம்.

பிள்ளைங்களுக்கு இவ்வளவு போதும்னு நினைக்கிறேன். ஆயுதபூஜைக்கு முன்னாடி நம்ம மனையில புல்லு செதுக்கிச் சுத்தம் பண்ணி வை. ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அம்மாவைக் கேட்டேன்னு சொல்லு.

புகழேந்தி


கீழத்தெரு
20.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா தெம்பா இருக்கு. இருபது வயசு குறைஞ்ச மாதிரி ஓடியாடுது. அது ஏன்னு இந்த லெட்டர்லயே தெரிஞ்சுடும். உக்காந்து படிங்க.

தோண்டிட்டேன் அண்ணே. மகாளய அமாவாசைக்கு மறுநாள் பஞ்சநதம் மாமா பொக்லைனைக் கொண்டாந்து அரை நாள்ல எடுத்துக் கொடுத்துட்டாரு. நீங்க சொன்ன மாதிரி மடை ரெண்டடி, வாயில கல்லு. கோவம் வரும், வரட்டும். அம்மா வீட்டுக்குள்ள தண்ணி வர்றதைப் பாத்துட்டு உங்க சம்மதத்துக்காகக் காத்துட்டு இருக்க என்னால முடியாது. நீங்க இங்க இருந்திருந்தா உங்களாலயும் முடிஞ்சிருக்காது.

செடி நட அம்மாவே தெருவுல எட்டுப் பேரைக் கூட்டிட்டு வந்துச்சு. எல்லாரும் ஒரு காலத்துல அம்மாவோட நடவு நட்டவங்க. இப்ப நடவு மிஷின் வந்து அஞ்சாறு வருஷமா யாரும் சேத்துல கால் வைக்கலை. அவங்க சந்தோஷத்தை நீங்க பாத்திருக்கணும். தண்ணி விட்டு, ரெண்டு நாள் மிதி மிதின்னு மிதிச்சு, சேறு அடிச்சு, பலகை போட்டுப் பரம்படிச்சுக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தாங்க. அப்புறம் வெட்டிவேரை நாத்து நடுற மாதிரி வரிசை பிசகாம நட்டாங்க. அம்மா முதல் தூரை நட்டுட்டு நிமிரவே இல்ல.

முதல் மழையும் பெய்ஞ்சுடுச்சு. பள்ளத்துல தண்ணி நிக்குது, குளம் மாதிரி இருக்கு பாக்க. நாரை ஒண்ணு வந்து உக்காருது. மத்தபடி சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல.

திட்டணும்னா லெட்டர்லயே திட்டுங்க. அம்மாகிட்ட போன்ல கத்தாதீங்க. தீபாவளிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிங்க.

செம்மொழி


சிங்கப்பூர்
27.10.2024

பாப்பாவுக்கு,

நலம் விசாரிக்க இப்ப நேரமில்ல. அரவிந்தன் நாளைக்கு விமானம் ஏறுறான், அவன் கையில கொடுத்து விடுறேன்.

மிதிச்சாங்களா?

எத்தனை நாளாத் தண்ணி நிக்குது? நாரை வர்ற அளவுக்கு நின்னா நாலஞ்சு நாளுக்கு மேல ஆகியிருக்கும். நீ எழுதலை, ஆனா எனக்குத் தெரியும். சேறு அடிக்கிறது எதுக்குன்னு யோசிச்சியா? நெல்லுக்குத் தண்ணி நிக்கணும், கீழ இறங்கக் கூடாது, அதுக்குத்தான் மிதிச்சு மிதிச்சு மண்ணோட வாயை அடைக்கிறோம். நீ பண்ணி வச்சிருக்கிறது மழைத்தோட்டம் இல்ல, வயல். நெல்லு போட்டிருந்தா விளைஞ்சிருக்கும்.

என்னைக் கேக்காமத் தோண்டினது ஒரு தப்பு, அதைப் பின்னாடி வச்சுக்கிறேன். என் மனையிலயே என் தொழிலைக் கெடுத்து வச்சிருக்கியே, அதைத்தான் என்னால தாங்க முடியலை. பாக்கிறவன் என்ன சொல்வான்? புகழேந்தி பதினாறு வருஷம் இதைத்தான் பண்ணிட்டு இருந்தானான்னு கேக்க மாட்டானா?

முதல்ல தண்ணிய மோட்டார் வச்சு இறைச்சு வெளிய விடு. ரெண்டு நாள் காயட்டும். செடியை எடுத்து நிழல்ல வை. மேல ஒரு அடியை வெட்டிப் புரட்டி, செங்கல் உடைசலும் மணலும் பாதிக்குப் பாதி கலந்துடு. நடுவுல மூணு இடத்துல ஆளுயரத்துக்குக் குழி எடுத்தா அந்தப் பக்கம் ஆத்து மணல் வரும். மணல் கண்ணுக்குப் பட்டதும் நிறுத்தி, குழியை ஜல்லியால நிரப்பு. அப்புறம் செடியை நடு. நடும்போது ஓரத்துல பலகை போட்டு அதுமேல நின்னு நடுங்க. யாரும் உள்ள இறங்கி மிதிக்கக் கூடாது. அம்மாகிட்டயும் சொல்லு.

புகழேந்தி


கீழத்தெரு
17.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தைலம் வந்துச்சு. அம்மா ரெண்டு வேளையும் தேய்க்குது. நீங்க எப்படி இருக்கீங்கன்னு அரவிந்தன்கிட்ட துருவித் துருவிக் கேட்டேன். இளைச்சுப் போயிட்டீங்களாமே?

நான் எழுதாம விட்டதை இப்ப எழுதிடறேன். மொத்தம் ரெண்டு வாரம் தண்ணி நின்னுச்சு. கொசு வீட்டுக்கு வீடு போய்டுச்சு. சங்கத்துல இருந்து நோட்டீஸ் கொடுத்தாங்க, ஏழு நாள்ல பள்ளத்தை மூடணும்னு. நேர்லயும் வந்தாங்க. குஞ்சிதபாதம் நம்ம அம்மா காதுபடவே சொன்னாரு, "உங்க ஜனங்களுக்கு நடவு நடத் தெரியும், அது எனக்குத் தெரியாதா. இது வேற வேலைம்மா, இதுக்குப் படிச்ச ஆளு வேணும்." நான் எம்.எஸ்சி. படிச்சவ. ஆனா தப்பு என் பேர்ல. எனக்கு அப்படி ஒரு அவமானம் என் ஆயுசுல வந்ததில்ல.

அன்னைக்குச் சாயங்காலம்தான் அரவிந்தன் லெட்டரைக் கொண்டாந்து கொடுத்தான். அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். கேட்டுட்டுச் சொல்லுச்சு: "நாப்பது வருஷம் தண்ணிய நிறுத்தத்தான் மிதிச்சோம். போக விடறதுக்கு எங்களுக்கு யாருடி சொல்லிக் கொடுத்தா?" மறுநாள் காலையில அதே எட்டுப் பேரோட களைக்கொத்தும் கையுமா வந்து நின்னுச்சு. தாங்க மிதிச்சதைத் தாங்களே கொத்தினாங்க. ஒருத்தர் முகத்துலயும் சிரிப்பில்ல. எட்டடியில மணல் வந்துச்சு அண்ணே, வெள்ளை மணல். அதைப் பாத்ததும்தான் சிரிச்சாங்க. பலகை மேல நின்னுதான் நட்டோம். வரிசையெல்லாம் கோணல்மாணல்.

நோட்டீஸைத் திருப்பிக் கொடுத்துட்டேன். கார்த்திகை மழை வரட்டும், அப்புறம் பேசலாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மீன் வாங்கிச் சமைச்சுச் சாப்பிடுங்க. இளைக்காதீங்க.

செம்மொழி


கீழத்தெரு
15.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

போன லெட்டருக்குப் பதில் வரலை. உடம்புக்கு ஒண்ணுமில்லைன்னு அம்மாகிட்ட போன்ல சொன்னீங்களாம், அது போதும். நானும் அம்மாவும் சுகம். அதைவிட முக்கியமா, காய்ஞ்ச தரையில படுத்துத் தூங்குறோம்.

வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் பேய் மழை. பள்ளிக்கூடம் லீவு. நான் குடையைப் பிடிச்சுக்கிட்டு மடை கிட்டயே நின்னேன். வியாழன் மத்தியானம் பள்ளம் விளிம்பு தட்டுச்சு. சங்கத்துக்காரங்க மாடியில நின்னு பாத்துட்டு இருந்தாங்க. விளிம்பு தட்டினது அப்படியே நின்னுச்சு, வழியலை. உள்ள வர்றது வந்துட்டே இருக்கு, கீழ இறங்குறது இறங்கிட்டே இருக்கு. மழை விட்டு சனிக்கிழமை காலையில போய்ப் பாத்தா தரை தெரியுது. கல்வாழை ரெண்டு சாஞ்சிருந்துச்சு, அவ்வளவுதான். மேற்குப் பக்கத் தெருவுல மட்டும் கணுக்கால் தண்ணி நின்னுச்சு. கீழத்தெருவுக்கு ஒரு சொட்டு வரலை. அம்மா விடியக்காலையில இருந்து தெரு முழுக்க நடந்துட்டே இருந்துச்சு.

சாயங்காலம் சங்கத்துல கூப்பிட்டு எனக்குச் சால்வை போட்டாங்க. வடிகால் திட்டத்தைக் கைவிட்டாச்சாம். குஞ்சிதபாதம் மைக்ல பேசினாரு, அவரே தோண்டின மாதிரி. இன்னைக்கு நம்ம மனையில போர்டு நட்டிருக்காங்க. "மழைத்தோட்டம், செந்நெல் நகர் நலச் சங்கம்"னு. "அண்ணனுக்கு வேற எங்கயாவது நல்ல மனையாப் பாத்துக்கலாம்மா, இது நகருக்குன்னு அமைஞ்சு போச்சு"ன்னாரு. நான் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். ஜெயிச்ச மயக்கம், எனக்கு அப்ப ஒண்ணும் தோணலை.

நீங்க என்ன சொல்றீங்க? திட்டியாவது ஒரு லெட்டர் போடுங்க.

செம்மொழி


சிங்கப்பூர்
19.1.2025

பாப்பாவுக்கு,

பொங்கல் நல்லபடியா முடிஞ்சிருக்கும். எனக்கு அன்னைக்கும் வேலை. அம்மா உடம்பு தேவலைன்னு கேட்டு நிம்மதி.

உன் லெட்டரை ஒரு மாசமா வச்சுப் பாத்துட்டு இருக்கேன். விளிம்பு தட்டியும் வழியலைன்னு எழுதியிருந்தியே, அதை அரவிந்தனுக்கும் படிச்சுக் காட்டினேன். நல்ல வேலை பண்ணியிருக்கே. இங்க இருக்கிற இஞ்சினியர்கிட்ட சொன்னேன், அவரும் நம்பலை.

போர்டு விஷயம். இருந்துட்டுப் போகட்டும். வீடு வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். எனக்கும் வயசு நாப்பத்தாறு ஆகுது, இனிமே கட்டி யாருக்குக் காட்டப் போறேன். நான் ஊருக்கு வந்தா கீழத்தெருவுலயே இருந்துக்கிறேன், பழகின இடம்தானே. இந்த மனை பேச்சை இத்தோட விட்டுடுவோம்.

அம்மாவுக்கு ஒரு போர்வை அனுப்பியிருக்கேன்.

புகழேந்தி


கீழத்தெரு
9.2.2025

அண்ணனுக்கு,

யாரைக் கேட்டு வீடு வேணாம்னு எழுதினீங்க? உங்களைக் கேக்காம நான் தோண்டினேன், என்னைக் கேக்காம நீங்க விட்டுக் கொடுத்துட்டீங்க. கணக்கு நேராப் போச்சுன்னு நினைச்சீங்களா?

உங்க லெட்டரை அம்மாவுக்குப் படிச்சேன். பாதியில எழுந்து போய்ச் சுவத்தைப் பாத்துப் படுத்துடுச்சு. அன்னைக்குச் சாப்பிடலை. நீங்க கோவப்பட்டு எழுதியிருந்தா எனக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. "பழகின இடம்தானே"ன்னு எழுதினீங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியலை. ஆகஸ்ட் மாசம் நீங்க கேட்டது சரிதான். நூத்துப் பத்து மனையில வீரையன் மகன் மனைதான் கிடைச்சுதான்னு கேட்டீங்க. எனக்கு அப்ப தண்ணி மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது.

மறுநாள் நம்ம மனைக்குப் போய் போர்டைப் பிடுங்கிச் சங்க வாசல்ல சாத்திட்டேன். மடையை அடைச்சுட்டேன். மணல் மூட்டை அடுக்கி, மேல களிமண்ணு பூசி, நானும் அம்மாவும் மிதிச்சு இறுக்கிட்டோம். இந்தத் தடவை மிதிச்சது சரியான இடத்துல.

இன்னைக்குச் சங்கக் கூட்டம். போய் எழுந்து நின்னு சொன்னேன். "எங்க மனையில செஞ்சு காட்டியாச்சு, இது வேலை செய்யும்னு நீங்களே மைக் போட்டுச் சொல்லிட்டீங்க. இனிமே உங்க பூங்காவுல செய்யுங்க. மனைப்பிரிவு வரைபடம் வாங்கிட்டு வந்திருக்கேன், அது பூங்காதான், கார் நிறுத்துற இடம்னு எங்கயும் எழுதலை. ஆடிக்குள்ள தோண்டலைன்னா ஐப்பசியில தண்ணி உங்க வாசல்ல நிக்கும். கீழத்தெருப் பக்கம் திருப்பினீங்கன்னா தெருவே கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உக்காரும்."

அப்புறம் குஞ்சிதபாதம், "சரிம்மா, கோவப்படாதீங்க. தோண்டிடலாம். உங்க தெருவுல இருந்து ஒரு பத்து ஆளை அனுப்பி வைங்க, கூலி பாத்துக் கொடுத்துடறோம்"ன்னாரு.

ஒரு ஆளும் வராதுன்னேன். பொக்லைன் பெரிய வேலையைப் பாத்துக்கும், கை வேலைக்கு வீட்டுக்கு ஒருத்தர் மண்வெட்டியோட வாங்கன்னேன். "குடிமராமத்துன்னு பெருமையாப் பேசுவீங்களே, ஊர் கூடி வாய்க்கால் வெட்டின கதையை. அப்ப வெட்டினது எங்க தாத்தாக்கள். இந்தத் தடவை உங்க முறை. எப்படி வெட்டணும்னு நான் சொல்லித் தரேன்."

வெளிய வந்ததும் அழுதுட்டேன்.

வீட்டு வரைபடத்தை அனுப்புங்க. வேற பதில் வேணாம்.

செம்மொழி


சிங்கப்பூர்
2.3.2025

பாப்பாவுக்கு,

அம்மா சாப்பிடுதா? அதை முதல்ல எழுது. நீயும் பள்ளிக்கூடம், மனைன்னு அலையாம நேரத்துக்குத் தூங்கு.

உன் நம்பரைத் திறந்து விட்டுட்டேன். ஆனாலும் லெட்டரே போடு. போன்ல நீ இப்படியெல்லாம் பேச மாட்டே.

வரைபடம் வச்சிருக்கேன். வாசல் பூங்காவைப் பாத்து இருக்கணும். பின்பக்கம் பத்தடிக்கு நம்ம செடியை அப்படியே விட்டுடு, நம்ம கூரைத்தண்ணிக்கு அது போதும். மீதிப் பள்ளத்துல அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிக் கருங்கல் கட்டச் சொல்லு. எனக்கு லீவு ஆவணியிலதான், அதுவரைக்கும் காத்திருக்க வேணாம்.

பூங்கா வேலையில ஒண்ணு. அவங்க மேல இருக்கிற கோவத்துல தப்பாச் சொல்லிக் கொடுத்துடாதே. மணல் தட்டுற வரைக்கும் குழி போகணும், ஜல்லியைக் கழுவிப் போடணும். யாரு வெட்டினாலும் வேலை வேலையா இருக்கணும். சந்தேகம் வந்தா உடனே கேளு.

நான் நல்லா இருக்கேன். நிஜமாவே.

புகழேந்தி


இருபத்தேழாம் மனை, செந்நெல் நகர்
8.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இதை மனையில செங்கல் அடுக்கு மேல உக்காந்து எழுதுறேன். அம்மா சாப்பிடுது, தூங்குது, என்னைத் திட்டுது. உங்களுக்கு வேர்க்குரு சரியாப் போச்சா?

சங்கத்துல ரெண்டு மாசம் இழுத்தடிச்சாங்க. சித்திரையில ஒரு நாள் கோடைமழை ஒரு மணி நேரம் அடிச்சுது. மடை அடைச்சிருக்கா, தண்ணி அவங்க கார் சக்கரம் முங்க நின்னுச்சு, நம்ம தெரு வரைக்கும் வரலை. அடுத்த வாரமே காரையெல்லாம் எடுத்துட்டு பஞ்சநதம் மாமாவுக்குப் போன் போட்டாங்க. இப்ப நாலாவது ஞாயித்துக்கிழமையா கை வேலை நடக்குது. வீட்டுக்கு ஒருத்தர்னு சொன்னேன், பாதி வீட்டுலதான் வராங்க. வர்றவங்க ஒழுங்கா வராங்க. முதல் நாள் ஒருத்தருக்கும் மண்வெட்டியைப் பிடிக்கத் தெரியலை, எல்லார் கையிலயும் கொப்புளம். நான் சிரிக்கலை. நீங்க சொன்ன மாதிரி ஒண்ணு விடாமச் சொல்லிக் கொடுத்தேன். போன வாரமே மணல் தட்டியாச்சு.

நம்ம பக்கம் வானம் தோண்டி, கருங்கல் அஸ்திவாரம் ஏறி, பேஸ்மட்டம் வந்தாச்சு. உள்ள நிரப்ப மண்ணு வேணும்னு மேஸ்திரி கேட்டாரு. பூங்காவுல எடுத்த மண்ணு மலையாக் குவிஞ்சு கிடக்கு, அவங்களுக்கு அதைப் போட இடமில்ல. இங்க கொண்டாந்து கொட்டுங்கன்னேன். காலையில இருந்து கொட்டிட்டு இருக்காங்க.

அம்மா ஆறு மணிக்கே வந்துடுச்சு. பிளாஸ்டிக் நாற்காலியைப் பேஸ்மட்டத்து மேல, கூடம் வரப்போற இடத்துல போட்டு உக்காந்திருக்கு. சித்த முன்னாடி குஞ்சிதபாதம் தலையில துண்டைச் சுருட்டி வச்சு, ஒரு இரும்புச் சட்டி மண்ணோட வந்து நின்னாரு. எங்க கொட்டுறதுன்னு அவருக்குத் தெரியலை. அம்மா எழுந்துக்கலை. உக்காந்தபடியே கையை நீட்டி, "அங்க இல்லங்க. அந்த மூலையில கொட்டுங்க, பள்ளமா இருக்கு பாருங்க"ன்னு சொல்லுச்சு. அவரு போய் அந்த மூலையில கொட்டிட்டு, அடுத்த சட்டிக்குப் போனாரு.

வெயில் ஏறிடுச்சு, வாம்மா வீட்டுக்குப் போகலாம்னு ரெண்டு தடவை கூப்பிட்டுப் பாத்துட்டேன். "நீ போடி, நான் இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேன்"னு சொல்லுது.

உங்கள் தங்கை
செம்மொழி